கிடைக்காத வேலையின் கூலி

1997ஆம் ஆண்டிலே கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணச் சட்டசபை தனது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைப் புதிதாக எழுதியபொழுது, பழைய சட்டத்தில் இருந்த ஒரு சொல்லைச் சேர்க்காது விட்டது. வேலைத்தலத்திற் காயமுற்ற ஒருவர் இனி எவ்வளவு சம்பாதிக்க வல்லவர் என்று மதிப்பிடும்பொழுது, அவருக்கு ஏற்றதும் கிடைக்கக்கூடியதுமான வேலை யாது என்பதைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. புதிய சட்டத்தில் 'ஏற்ற' என்பது நின்றது; 'கிடைக்கக்கூடிய' என்பது போயிற்று. பள்ளிக்கூடத்திலே இலக்கணம் படிப்பிக்கும் எனக்கு, பெயரெச்சம் ஒன்றை எடுத்துவிட்டால் தொடரின் பொருள் எவ்வளவு திரிபடையும் என்பது தெரியும். அதனால் ஒரு வீட்டின் அடுப்பும் அணையக்கூடும் என்பதை இச்சட்டத்தின் வரலாற்றைப் படித்த பின்னரே அறிந்தேன்.

அச்சொல் எவ்வாறு உள்ளே வந்தது, ஏன் வெளியே போயிற்று, போனதால் எவர் அதிகம் இழந்தனர் என்ற வினாக்களுக்கு விடை காண, நாம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இங்கிலாந்திலே இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த இளைஞன் ஒருவன், அளவுக்கு மீறிப் பாரமேற்றப்பட்ட வண்டி உடைந்து வீழ்ந்ததாற் தொடையெலும்பு முறிந்தான். ஜூரிமார் அவனுக்கு 100 பவுண் வழங்கும்படி தீர்ப்பளித்தனர். 1837இல் மேல்நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. எசமான் வேலையாளைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவனாயின் அக்கடமைக்கு எல்லையே இராது என்பது நீதிபதிகளின் அச்சம். அத்தீர்ப்பின் வழியாகவும் அதனையொட்டி எழுந்த பிற தீர்ப்புகளின் வழியாகவும் முதலாளிக்கு மூன்று அரண்கள் அமைந்தன. தொழிலாளி தானும் ஓரளவு கவனக்குறைவாக இருந்தால் நட்டஈடு இல்லை. உடன் வேலைசெய்தவனின் பிழையால் விபத்து நேர்ந்தால் நட்டஈடு இல்லை. ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றான் என்றால் அப்பொழுதும் இல்லை. இம்மூன்றையும் தாண்டி வழக்கில் வென்ற தொழிலாளியை அதிட்டசாலி என்றே சொல்லவேண்டும்.

ஜெர்மனியிலே பிஸ்மார்க் 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளர்மீது கொண்ட அன்பினால் அன்று. வளர்ந்துவந்த சமதர்ம இயக்கத்தின் காலடி நிலத்தை அகற்றவேண்டும் என்ற அரசியற் கணக்கினால். ஆயினும் சட்டம் நல்லதொரு கொள்கையைக் கொண்டிருந்தது. எவரது பிழை என்று கேளாது, ஒரு தொழிற்றுறையின் முதலாளிகள் யாவரும் சேர்ந்து செலுத்தும் நிதியிலிருந்து காயமுற்றவருக்குக் கொடுக்கவேண்டும் என்பதே அது. 1897இல் நட்டஈட்டுச் சட்டம் இயற்றிய பிரித்தானியா இக்கூட்டுப் பொறுப்பை ஏற்கவில்லை. ஒவ்வொரு முதலாளியையும் தனித்தனியே பொறுப்பாக்கியது. நமது நாட்டின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்தப் பிரித்தானிய வழியிலே பிறந்ததாகும். எந்த உறுப்புப் போனால் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு எத்தனை வீதம் போயிற்று என்று அட்டவணை கூறும், அதற்குரிய தொகை கைக்கு வரும், கணக்கு முடியும். கை போனவன் மறுநாள் எத்தொழிலைச் செய்வான் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் நிரல் இல்லை.

ஒன்ராறியோவோ ஜெர்மனியின் வழியை நாடியது. 1910இல் அம்மாகாண அரசு, பிரதம நீதியரசர் வில்லியம் மெரடித் என்பவரை ஆணைக்குழுவாக நியமித்தது. அவர் முன்னாளிலே கன்சர்வேற்றிவ் கட்சியின் மாகாணத் தலைவராக இருந்தவர். புரட்சிக்காரர் என்று எவரும் அவரைக் குற்றஞ்சாட்ட முடியாது. முதலாளிமாரின் சங்கத்தையும் தொழிற்சங்கங்களையும் மாறிமாறி விசாரித்து, பிறநாட்டுச் சட்டங்களையும் ஆராய்ந்து, 1913 ஒக்ரோபரில் இறுதி அறிக்கையைக் கொடுத்தார். 1914இல் சட்டம் நிறைவேறியது. 1915ஆம் ஆண்டின் முதல் நாளிலே நடைமுறைக்கு வந்தது.

இதனை வரலாற்றாசிரியர் ஓர் உடன்படிக்கை என்பர். தொழிலாளி முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையை முற்றாகக் கைவிட்டான். அதற்கு ஈடாக, பிழை எவருடையதாயினும் நட்டஈடு உண்டு என்ற உறுதியைப் பெற்றான். முதலாளிகள் யாவரும் ஒரு பொது நிதிக்குப் பணஞ் செலுத்தினர். நீதிமன்றத்துக்குப் புறம்பான சபையொன்று அதனை நிர்வகித்தது. தொடக்கத்திற் கிடைத்தது உழைப்பின் நூற்றுக்கு 55 வீதமே. தொகை சிறிது, ஆனால் கால எல்லை இல்லை. இந்த இடத்திலே மெரடித் காட்டிய உறுதி நினைவுகூரத் தக்கது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நட்டஈடு கொடுத்து நிறுத்தவேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அவ்வாறு நிறுத்தினால், தேவை மிக மிகுந்த வேளையிலே தொழிலாளி வெறுங்கையனாய் உறவினருக்கும் ஊராருக்கும் சுமையாவான் என்பது அவர் காட்டிய காரணம். ஊனம் நீடிக்கும் வரை நட்டஈடும் நீடிக்கவேண்டும். வழக்குரிமையை விட்டுக்கொடுத்ததற்குத் தொழிலாளி பெற்ற விலை இதுதான். விற்றதை அவன் மீளப் பெறவில்லை. வாங்கியதை மட்டும் பின்வந்தோர் சிறிது சிறிதாகக் குறைத்தனர். அக்குறைப்புக்குக் கருவியாக வந்தவற்றுள் ஒன்று, கேட்பதற்கு இனிமையான 'மீள்பயிற்சி' என்ற சொல்.

ஊனமுற்றவருக்குப் புதுத்தொழில் பயிற்றலாம் என்ற எண்ணத்தைப் பெரும் அளவிலே செயற்படுத்தியது முதலாம் உலகப் போராகும். போர்முனையிலிருந்து கைகால் இழந்து திரும்பிய ஆயிரக்கணக்கான இளைஞருக்காகக் கனடா 1915 முதல் பயிற்சிக்கூடங்களை அமைத்தது. அமெரிக்க ஐக்கிய நாடு 1918இல் போர்வீரருக்கும் 1920இல் பொதுமக்களுக்கும் இத்தகைய சட்டங்களை இயற்றியது. ஒன்ராறியோச் சபைக்கும் 1924இல் புனர்வாழ்வுக்காகப் பணஞ் செலவிடும் அதிகாரம் கிடைத்தது. நல்ல எண்ணமே. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்பயிற்சி முறையின் முதல் மாணவர் இருபது, இருபத்தைந்து வயதினர். அவர்களுக்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்புக் காலம் இருந்தது. இளம் போர்வீரனுக்குத் தைத்த சட்டையை, முப்பது ஆண்டு செங்கல் அடுக்கிய மேசனுக்கு அணிவிக்க முயன்றபொழுதே சிக்கல் தொடங்கியது.

எங்களூர் வாசிகசாலையிலே சிலகாலம் மாலை வேளைகளில் முதியோருக்கு எழுத்துப் படிப்பித்தேன். மண்வெட்டி பிடித்த கை பென்சிலைப் பிடிக்கும்போது, அதனை ஒடித்துவிடுவேனோ என்று அஞ்சும். அறிவு குறைவென்று எண்ணலாகாது. மழைக்குணத்தையும் மண்குணத்தையும் எனக்கு இரண்டு வருடம் படிப்பிக்கக்கூடியவர்கள் அவர்கள். ஆனால் தம் பேரப்பிள்ளைகளுக்கு ஏற்ற பாடப்புத்தகத்தின் முன்னால் வாய் மூடியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் ஒருவர் கையொப்பமிடப் பழகினார். அது பெரிய வெற்றி என்று நாங்கள் கொண்டாடினோம். அந்தக் கையொப்பத்தை வைத்து அவர் இனி எழுதுவினைஞராக உழைக்க வல்லவர் என்று யாராவது கணக்குப் போட்டு, அவருடைய வருமானத்திற் கழித்திருந்தால்? சிரிப்புக்கிடமான கேள்வியாகத் தோன்றும். ஒன்ராறியோவில் நடந்தது இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தாலியிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் ரொறன்ரோ நகருக்கு வந்தனர். நிலக்கீழ்க் குழாய்களும் உயர்ந்த மாடிகளும் அவர்களின் தோள்மீது எழுந்தன. 1960 மார்ச் 17ஆம் திகதி ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்திலே, நதிக்கு அடியில் நீர்க்குழாய்ச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இத்தாலியத் தொழிலாளர் ஐவர் தீயிலும் புகையிலும் அகப்பட்டு மாண்டனர். நகரம் அன்றுதான் அவர்களைக் கண்ணெடுத்துப் பார்த்தது எனலாம். மாண்டோர் ஐவர். மாளாது, முதுகும் முழங்காலும் தேய்ந்து வீட்டில் இருந்தோரை எண்ணுவார் இல்லை.

அவர்களை எண்ணுவதற்குச் சபையிடம் இருந்தது ஓர் அட்டவணை. முழங்கால் மடங்காவிட்டால் இத்தனை வீதம், விரல் போனால் இத்தனை வீதம் என்று உடலைக் கூறுபோட்டுக் காட்டும் அப்பட்டியலுக்குத் தொழிலாளர் 'இறைச்சி அட்டவணை' என்று பெயரிட்டனர். இறைச்சிக் கடைக்காரரின் வேலையாளோடு தொடங்கிய வரலாற்றுக்கு இப்பெயர் பொருந்தித்தான் வருகிறது. கந்தோரில் இருந்து கணக்கெழுதுபவனுக்கும் கட்டடத்திற் கல் சுமப்பவனுக்கும் முதுகு ஒன்றே என்று அட்டவணை கருதியது. இருபத்தைந்து வயதில் முதுகு நொந்தவன் மொழியைக் கற்று வேறு வேலைக்குப் போகலாம். ஐம்பத்தைந்து வயதில், தாய்மொழியிலேயே மூன்றாம் வகுப்போடு நின்றவன், எங்கே போவான்?

1974இல் ரொறன்ரோவிலே காயமுற்ற தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். வேலை கொடு, அல்லது முழு நட்டஈடு கொடு என்பதே அவர்களின் முதற் கோரிக்கை. அக்கோரிக்கையின் தெளிவு வியக்கத்தக்கது. பயிற்சி கொடு என்று அவர்கள் தொடங்கவில்லை. பயிற்சியின் முடிவில் வேலை இருக்கவேண்டும். இல்லையேல் பயிற்சி காலப்போக்கே என்பதைப் பட்டறிவு அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

1980இல் சட்டப் பேராசிரியர் போல் வைலர் என்பவர் அரசின் வேண்டுகோளின்படி ஓர் அறிக்கை எழுதினார். அட்டவணையின்படி வாழ்நாள் ஓய்வூதியம் கொடுப்பதை நிறுத்தி, உடற்குறைவுக்கு ஒரு தொகையும், உழைப்பில் உண்மையாக ஏற்பட்ட இழப்புக்கு வேறொரு கொடுப்பனவும் வழங்கலாம் என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமே. அட்டவணையின் குருட்டுத்தனத்துக்கு மருந்து போலவும் தோன்றும். தொழிலாளர் ஏன் எதிர்த்தனர்? இழப்பைக் கணிக்க வேண்டுமானால், காயத்துக்குப் பின் அவன் 'எவ்வளவு உழைக்கலாம்' என்பதை ஒருவர் தீர்மானிக்கவேண்டும். தீர்மானிப்பவர் சபை அலுவலர். உண்மையில் உழைப்பது ஒன்று. உழைக்கலாம் என்று பிறர் எழுதிவைப்பது வேறொன்று. இவ்விடைவெளியிலே தமது ஓய்வூதியம் வீழ்ந்து மறையும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கண்டார்கள்.

1983 யூன் முதலாந் திகதி, இந்த யோசனைகளை விசாரித்த சட்டசபைக் குழுவின் முன் சாட்சியமளிக்க, ஏறத்தாழ மூவாயிரம் காயமுற்ற தொழிலாளர் குவீன்ஸ் பார்க்கிலுள்ள சட்டசபைக் கட்டடத்துக்கு வந்தனர். அறையில் இடமில்லை. அவர்களை அனுப்பவும் இயலாது. ஈற்றிலே குழு எழுந்து வெளியே வந்து, கட்டடத்தின் முன்படிகளிலே விசாரணையை நடத்தியது. மக்களின் பிரதிநிதிகள் மக்களைத் தேடி வாசற்படிக்கு வந்த நாள் அது. ஆண்டுதோறும் யூன் முதலாந் திகதியை அம்மாகாணத்துத் தொழிலாளர் காயமுற்றோர் நாளாகக் கொண்டாடும் வழக்கம் அன்றுதான் பிறந்தது. ஐம்பதுகளில் இளைஞராய் வந்திறங்கிய இத்தாலியர் அப்பொழுது ஐம்பது வயதைக் கடந்திருந்தனர் என்பதை இங்கு சேர்த்து நினைத்தல் வேண்டும்.

அந்த எதிர்ப்பு, மாற்றத்தைச் சில ஆண்டுகள் தாமதப்படுத்தியது, தடுக்கவில்லை. 1987இல் புனர்வாழ்வுச் சேவையை ஆராய்ந்த குழுவொன்று, மீள்பயிற்சியைச் சபையின் தயவாக அன்றித் தொழிலாளியின் சட்ட உரிமையாக ஆக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1989இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமோ, வாழ்நாள் ஓய்வூதியத்தை எடுத்துவிட்டது. உரிமையைப் பாதியளவே கொடுத்தது. காயமுற்றவரைச் சபை குறித்த நாட்களுக்குள் அணுகவேண்டும், தேவையை மதிப்பிடவேண்டும் என்று கடமை விதித்தது. பயிற்சி தரவேண்டுமா என்பதைச் சபையின் முடிவுக்கே விட்டது. ஆயினும் அச்சட்டத்திலேதான் 'ஏற்றதும் கிடைக்கக்கூடியதுமான' என்ற தொடர் இருந்தது. போராட்டம் விட்டுச்சென்ற சிறு கைப்பிடி அது.

1995இல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேற்றிவ் அரசு, சபையின் நிதியிலே 1,000 கோடி டொலருக்கு மேற்பட்ட பற்றாக்குறை உண்டு என்று எச்சரித்தது. பற்றாக்குறை பொய்யன்று. ஆனால் அதனை நிரப்பும் பாரம் எவர் தலையில் ஏற்றப்பட்டது என்பதுதான் கேள்வி. 1998 முதல் நட்டஈடு, வரி கழிந்த உழைப்பின் 90 வீதத்திலிருந்து 85 வீதமாயிற்று. முதலாளிகளின் சராசரிக் கட்டண வீதமும் அதே ஆண்டுகளிற் குறைக்கப்பட்டது. புனர்வாழ்வு என்ற சொல்லுக்குப் பதிலாகத் 'தொழிற்சந்தை மீள்நுழைவு' என்ற புதுப்பெயர் வந்தது. மனிதன் வாழ்வுக்குத் திரும்பவேண்டியதில்லை. சந்தைக்குத் திரும்பினாற் போதும். அப்பணியும் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டது. இவற்றோடுதான் நாம் முதலிற் கண்ட அந்தச் சொல்லும் மறைந்தது.

அது செய்த வேலையை ஒரு கணக்காற் காட்டலாம். வாரத்துக்கு 1,000 டொலர் கையில் வாங்கிய கட்டடத் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். முதுகு போயிற்று. எவ்வுழைப்பும் இல்லையாயின் அவருக்கு 850 டொலர் உரியது. ஆனால் ஆங்கில வகுப்புக்குச் சில மாதம் அனுப்பி, கணினியின் முன் சில வாரம் இருத்தி, இனி இவர் கடைக் காசாளராகவோ வாகனத் தரிப்பிடக் காவலராகவோ வாரம் 500 டொலர் உழைக்க வல்லவர் என்று தீர்மானித்துவிட்டால், இழப்பு 500 மட்டுமே, கொடுப்பது 425. அவ்வேலையை எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்றாலும் 425தான். மற்றப் பாதி, காகிதத்திலே உழைத்த கூலி. ஒரு வேலையும் செய்யாமல் உழைப்பதாகக் கணக்கிடப்படும் மனிதனைப் பொருளியல் நூல்கள் எவ்வகுப்பிற் சேர்க்குமோ அறியேன்.

முதியவரின் நிலை இங்கேதான் தனித்து நிற்கிறது. இளையவருக்கு அக்காகிதக் கூலி என்றோ ஒருநாள் உண்மையாகலாம். ஐம்பத்தெட்டு வயதினரை, குனிய முடியாதவரை, மொழி திக்குபவரை, கடைக்காரர் காசாளராக எடுப்பாரா? வயதைக் காரணங் காட்டி எந்த முதலாளியும் கடிதம் எழுதமாட்டார். பதிலே எழுதாமல் விட்டுவிடுவார். வகுப்பிற் குறைந்த புள்ளி பெற்றாலோ, ஒத்துழைக்கவில்லை என்று கொடுப்பனவு குறையும் என்ற அச்சம். சட்டம் முதுமையை முற்றாக மறந்தது என்று சொல்லலாகாது. 55 வயதை அடைந்தவர் முழுப் பயிற்சிக்குப் பதிலாக, ஓராண்டு தாமாகவே வேலைதேடிக்கொண்டு, அதன்பின் மறுபரிசீலனைக்கு உட்படாத கொடுப்பனவைப் பெறும் தெரிவு வகுக்கப்பட்டது. தொல்லை குறைவு என்பதால் அதனை விரும்பியோர் உண்டு. ஆனால் அந்தக் கொடுப்பனவிலும் அதே காகிதக் கூலி கழிக்கப்பட்டே வந்தது. மேலும், 1997ஆம் ஆண்டுச் சட்டம் இழப்புக் கொடுப்பனவை 65 வயதோடு நிறுத்தியது. ஊனம் நீடிக்கும் வரை என்ற மெரடித்தின் கொள்கைக்கு இதனோடு உறவு யாது?

நமக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பு உண்டா என்று வாசகர் கேட்கலாம். ரொறன்ரோவின் படிகளிலே அந்த விசாரணை நடந்த அடுத்த மாதம், 1983 யூலையிலே, கொழும்பு எரிந்தது. அதன்பின் நாட்டைவிட்டுப் போன நம்மவரிற் பெருந்தொகையினர் அந்த நகரத்துக்கே சென்று சேர்ந்தனர். ஆசிரியராகவும் கமக்காரராகவும் இருந்தவர்கள் தொழிற்சாலைகளிலே பெட்டி தூக்கினார்கள். உணவகங்களிலே பாத்திரங் கழுவினார்கள். முப்பது வயதிற் போனவர்கள் 1997இன் சட்டத்துக்குள்ளே முதுமை அடைந்தனர். இத்தாலியர் விட்ட இடத்திலே தமிழர் குனிந்தார்கள். பட்டணத்து மாளிகைகளின் படத்தையும் மகன்மாரின் பட்டத்தையும் ஊருக்கு அனுப்பும் கடிதங்கள், தகப்பன்மாரின் முழங்காலைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

2007இலே சட்டம் திருத்தப்பட்டது. 'கிடைக்கக்கூடிய' என்ற சொல் திரும்பி வந்தது. காயமுற்றோர் அமைப்புகளின் விடாப்பிடியான முயற்சிக்கு அது ஒரு வெற்றி. 2009இல் வெளிவந்த கணக்காய்வு ஒன்று மீள்நுழைவுத் திட்டத்தின் குறைகளைச் சுட்டியதன் பின், 2010இல் சபை அப்பணியைத் தனியாரிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சொல் திரும்பியும் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. குறித்த வேலையைப் பெறுவதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும் என்று சபையின் விதியுரை கூறும். அந்த வாய்ப்பை மதிப்பிடுவது சபையே, வேலை கொடுப்பவர் அல்லர். கற்பனைக் கூலியைக் கழிப்பதை ஒழிக்கவேண்டும் என்ற முழக்கம் அதனால் பிந்திய ஆண்டுகளின் யூன் முதலாந் திகதிகளிலும் ஒலித்தது.

இன்னுமொரு விதியையும் சொல்லவேண்டும். சில விலக்குகள் தவிர, விபத்து நடந்து 72 மாதங்கள் சென்றபின் கொடுப்பனவு நிலைப்படுத்தப்படும். பிறகு அதனைத் திருத்த முடியாது. 1999இல், தமது 53ஆவது வயதிலே காயமுற்ற ஒருவரை எடுத்துக்கொள்க. 72 மாதங்கள் 2005இல் நிறைவுற்றன, வயது 59. கிடைக்காத வேலையின் கூலி கழித்த தொகையே அவருக்கு உறுதியாயிற்று. 2007இல் அந்தச் சொல் சட்டத்துக்குத் திரும்பியபொழுது அவருக்கு வயது 61. கணக்கு மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள். 2011இல் 65 வயது நிறைந்தது, அத்தொகையும் நின்றது.